செய்தியாளரும் குடியுரிமையும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்ற தொடரே கிடையாது. அதன் 19(1)(அ) பிரிவு, பேசவும் கருத்தை வெளியிடவும் குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை தருகிறது. ஆசிரியர், நிருபர், செய்தித்தாள் என்று எவரையும் தனியே பெயர் சொல்வதில்லை. அமெரிக்க அரசமைப்பில் 1791-ல் சேர்ந்த முதல் திருத்தம் வேறு விதம். அது பேச்சோடு சேர்த்துப் பத்திரிகையையும் பெயர் சொல்லிக் காக்கிறது. பேசுகிறவர் குடிமகனா என்று கேட்பதில்லை. ஆக, இந்தியாவில் ஒருவர் செய்தி எழுதுவதற்கான உரிமை அவருடைய குடியுரிமையிலிருந்து வருகிறதே தவிர, தொழிலிலிருந்து வருவதில்லை. ஊடகத்தில் வேலை செய்கிறவருக்குக் குடியுரிமை என்ன பொருள் தருகிறது என்ற கேள்விக்கு இங்கே கூடுதல் கனம் உண்டாவது இதனால்தான்.

சட்டத்தை வரைந்தவர்கள் மறந்துபோய் விட்ட இடம் என்று இதைக் கருத முடியாது. 1948 டிசம்பரில் இந்தப் பிரிவு அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, பத்திரிகைச் சுதந்திரத்தைத் தனியே எழுதிவைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினர். வரைவுக்குழுத் தலைவர் அம்பேத்கர் மறுத்தார். தனி மனிதராக ஒரு குடிமகன் செலுத்த முடியாத எந்த உரிமையும் பத்திரிகைக்குக் கிடையாது. ஆசிரியரும் மேலாளரும் குடிமக்களே. அவர்கள் எழுதும்போது செலுத்துவது தங்கள் கருத்துரிமையைத்தான். ஆகவே தனி ஏற்பாடு எதற்கு என்பது அவர் வாதம்.

இப்படிச் சொன்னவர் தாமும் பத்திரிகை நடத்தியவர். 1920-ல் 'மூக்நாயக்', 1927-ல் 'பகிஷ்கிருத பாரத்', 1930-ல் 'ஜனதா' என்று அவர் அடுத்தடுத்து இதழ்கள் தொடங்கியதற்குக் காரணம், அன்றிருந்த பத்திரிகைகளில் ஒடுக்கப்பட்டோரின் குரலுக்கு இடம் கிடைக்காததுதான். தமிழில் ரெட்டமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியது இதே நெருக்கடியில்தான். பத்திரிகை என்னும் நிறுவனம் தானாகவே மக்களின் பிரதிநிதி ஆகிவிடாது என்பதை அனுபவத்தில் அறிந்த ஒருவர், அந்த நிறுவனத்துக்குத் தனிச் சலுகை எழுதித் தர மறுத்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அவருடைய விடை இன்னொரு கேள்வியைத் திறந்துவிடுகிறது. செய்தியாளர் குடிமகனுக்கு மேல் எதுவும் இல்லை என்றால், அவருடைய தொழில் அவரது குடியுரிமையை என்ன செய்கிறது? சாதாரணக் குடிமகன் கட்சியில் சேரலாம், ஊர்வலம் போகலாம், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற ஓடலாம், கண்டதைக் காவல் நிலையத்தில் சொல்லலாம். செய்தியாளர் இவற்றைச் செய்யத் தொடங்கினால் செய்தியாளராக இருப்பதில் ஏதோ ஒன்று குறைந்துபோகிறது என்ற எண்ணம் அந்தத் தொழிலுக்குள் வலுவாக இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதே இங்கே ஆராய வேண்டிய செய்தி.

அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் குடிமகன் யார் என்று கேட்கிறார். ஓர் ஊரில் குடியிருப்பது மட்டும் ஒருவரைக் குடிமகனாக்காது. அடிமைகளும் அயலூர்க்காரர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். தீர்ப்பு வழங்குவதிலும் ஆட்சிப் பொறுப்பிலும் பங்கு உள்ளவரே குடிமகன் என்பது அவர் கொடுக்கும் விடை. (இந்த இலக்கணத்தை எழுதியவர் ஸ்டாகிராவிலிருந்து வந்தவர், ஏதென்ஸில் அவருக்கே குடியுரிமை கிடையாது.) இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டால் செய்தியாளரின் இடம் ஓரளவு தெளிவாகிறது. தீர்ப்புச் சொல்ல விஷயம் தெரிய வேண்டும். ஏதென்ஸின் சபையில் கூடியவர்கள் தங்கள் ஊர் நிலவரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கும் நாட்டில் எவராலும் எல்லாவற்றையும் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பார்வையை மற்றவர்களுக்காகச் செய்கிறவர் செய்தியாளர். குடிமக்கள் எல்லாருக்கும் உள்ள ஒரு கடமையின் ஒரு பகுதியை அவர் கூலிக்கு எடுத்துச் செய்கிறார்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் செல்லுமா என்பதில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் எழுதிய 'பொதுக்கருத்து' நூலில், மனிதர்கள் உலகத்தோடு உறவாடுவதில்லை, உலகத்தைப் பற்றித் தங்கள் தலைக்குள் இருக்கும் படங்களோடுதான் உறவாடுகிறார்கள் என்றார். அந்தப் படங்களைத் திருத்தும் வேலையைப் பத்திரிகை மட்டும் சுமக்க முடியாது என்றும் கருதினார். தத்துவ அறிஞர் ஜான் டூயி 1927-ல் விடை தந்தார்: பொதுமக்கள் என்ற ஒன்று முன்கூட்டியே உட்கார்ந்து செய்திக்காகக் காத்திருப்பதில்லை, தகவல் பரிமாற்றத்தின் வழியாகத்தான் அது உருவாகவே செய்கிறது. டூயி சொல்வது சரியென்றால் செய்தியாளர் குடிமக்களை உருவாக்குவதிலும் பங்கு கொள்கிறார். பின்னர் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் 1948-ல் இதை இன்னும் கூர்மையாக்கினார். தன்னாட்சிக்கு எல்லாரும் பேசியாக வேண்டும் என்பதில்லை. சொல்லத்தக்க எதுவும் சொல்லப்படாமல் போகக்கூடாது என்பதே முக்கியம் என்றார். அதாவது கருத்துரிமை பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்கே அதிகம் தேவைப்படுகிறது.

இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இந்த ஒளியில் படிக்கலாம். முதல் பெரிய வழக்கு சென்னையிலிருந்து வந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று மாகாண அரசு 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் தடை விதித்தது. 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தள்ளியது. கருத்தை வெளியிடும் உரிமைக்குள் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வாசகர் கைக்குப் போய்ச் சேராத இதழ் வெளியான இதழ் ஆகாது. அரசின் பதிலும் விரைவாக வந்தது. 1951-ல் முதல் திருத்தம் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே திருத்தத்தில்தான் வந்தது. தாப்பரின் கதை அத்தோடு முடியவில்லை. 1959-ல் அவரும் ராஜ் தாப்பரும் தொடங்கிய 'செமினார்' இதழை, நெருக்கடி நிலையின்போது முன்தணிக்கைக்குக் காட்டச் சொன்னார்கள். காட்டுவதைவிட நிறுத்துவது மேல் என்று 1976-ல் இதழை நிறுத்திவிட்டார்கள். குடிமகனாக நடந்துகொள்ளும் வழி சில நேரங்களில் எழுதாமல் இருப்பதாகவும் அமையும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

உரிமை யாருடையது என்ற சிக்கல் அடுத்த இருபது ஆண்டுகளில் வேறு வடிவில் வந்தது. பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலையை அரசு நிர்ணயிக்கலாம் என்ற சட்டத்தை எதிர்த்துப் பூனாவின் மராத்தி நாளிதழ் 'சகாள்' வழக்காடி 1961-ல் வென்றது. இரண்டே ஆண்டில், 1963-ல், அரசு வணிகக் கழகம் தொடர்பான வழக்கில், கம்பெனி என்பது குடிமகன் ஆகாது, 19-ஆம் பிரிவை அது காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலான பத்திரிகைகள் கம்பெனிகளின் சொத்து. அப்படியானால் பத்திரிகைச் சுதந்திரம் எங்கே நிற்கும்? 1972-ல் பென்னட் கோல்மன் வழக்கில் இதற்கு வழி கண்டார்கள். பத்திரிகைத் தாள் பங்கீட்டின் பெயரால் நாளிதழ்களைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்க நினைத்த கொள்கையை எதிர்த்த வழக்கு அது. கம்பெனிக்கு உரிமை இல்லாவிட்டாலும் பங்குதாரர், ஆசிரியர், வெளியீட்டாளர் ஆகிய குடிமக்களின் உரிமை பத்திரிகை வழியாகவே பேசுகிறது, அதை அடைக்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி மாத்யூ, மைக்கிள்ஜானின் பக்கம் சாய்ந்தார்: கருத்துரிமையின் பயன் வாசகரைச் சேர வேண்டும், பெரிய பத்திரிகையின் பக்க எண்ணிக்கையும் பொதுமக்கள் பல தரப்பையும் அறிவதும் ஒன்றல்ல என்பது அவர் நோக்கு. தீர்ப்பாக வென்றது பெரும்பான்மை. தத்துவமாக மாத்யூ சொன்னதே அதிக தூரம் போகிறது. குடிமக்களின் பெயரால் முதலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு, குடிமக்களை ஏமாற்றும் முதலாளிக்கும் கிடைத்துவிடுகிறதே என்ற சங்கடத்தை அவர் ஒருவர்தான் நேருக்கு நேர் பார்த்தார்.

முதலாளி என்றதும் இம்மானுவேல் காண்ட் நினைவுக்கு வர வேண்டியவர். 1784-ல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் வெளியான 'அறிவொளி என்றால் என்ன?' என்ற கட்டுரையில் அவர் அறிவைப் பயன்படுத்துவதை இரண்டாகப் பிரிக்கிறார். பதவியில் இருந்துகொண்டு செய்வது தனிப் பயன்பாடு; படிக்கும் பொதுமக்கள் முன் அறிஞராக நின்று செய்வது பொதுப் பயன்பாடு. படை அதிகாரி கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆனால் படைத்துறையின் குறைகளை எழுதி வெளியிட அவருக்கு முழு உரிமை உண்டு. பாதிரியார் தம் சபையின் போதனையைச் சொல்லித்தர வேண்டும். அதே போதனையை எழுத்தில் விமர்சிக்கலாம். செய்தியாளர் வந்ததும் இந்தப் பிரிவினை குழம்பிப்போகிறது. படிக்கும் பொதுமக்கள் முன் எழுதுவதே அவருடைய உத்தியோகம். ஒரே வாக்கியம் சம்பளத்துக்கு எழுதிய வேலையாகவும் குடிமகனின் பொதுப் பேச்சாகவும் இருக்கிறது. முதலாளி ஒரு செய்தியை வெளியிட வேண்டாம் என்றால் படை அதிகாரியைப் போல் அவர் கீழ்ப்படிவதா, அறிஞரைப் போல் மறுப்பதா? காண்டின் கட்டுரையில் விடை இல்லை. அவர் காலத்தில் செய்தி ஒரு மாதச்சம்பளத் தொழிலாக வளர்ந்திருக்கவில்லை.

இந்தியச் சட்டம் இந்த இரட்டை நிலையை ஓரளவு புரிந்துவைத்திருந்தது. 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தியாளரைத் தொழிலாளராகவும் பார்த்து வேலை நேரம், பணிக்கொடை, ஊதியக் குழு ஆகியவற்றைக் கொண்டுவந்தது. 1958-ல் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊதியக் குழுவின் முடிவை ரத்து செய்தாலும், தொழிலாளர் சட்டங்களும் வரிகளும் எல்லாருக்கும் போலப் பத்திரிகைக்கும் பொருந்தும் என்று உறுதிப்படுத்தியது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தப் பணியாளரிடம் குடிமகனுக்குரிய துணிவை எதிர்பார்ப்பது எளிது, கொடுப்பது அரிது. 2009 தேர்தல்களின்போது வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்ட வழக்கம் அம்பலமாகி, அடுத்த ஆண்டு பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு அதைப் பற்றி விரிவான அறிக்கை தயாரித்தது. இதில் முதலில் ஏமாந்தவர் வாக்காளர். அரிஸ்டாட்டிலின் மொழியில் சொன்னால், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரிடம் பொய்ச் சாட்சியம் நீட்டப்பட்டது.

அடுத்தது நடுநிலை. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் தலைமை ஆசிரியராக 1991 முதல் 2008 வரை இருந்த லெனர்ட் டவுனி, தேர்தலில் வாக்களிப்பதையே விட்டுவிட்டவர். யார் ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள்கூட முடிவு செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்கு நேரெதிர் முனையில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் உச்ச நீதிமன்றச் செய்தியாளர் லிண்டா கிரீன்ஹவுஸ். 1989-ல் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காக நடந்த பேரணியில் அவர் கலந்துகொண்டார், அதற்காகக் கண்டிக்கப்பட்டார். தம் கருத்து செய்திக்குள் நுழையாதவரை தாமும் ஒரு குடிமகள்தானே என்பது அவர் தரப்பு. டவுனியின் துறவில் ஒரு கம்பீரம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதன் அடியில் ஒரு பிழையும் இருக்கிறது. வாக்குச்சீட்டைத் துறப்பதால் விருப்பு வெறுப்பு போய்விடாது. வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். தீர்ப்பை ஒத்திவைப்பது செய்தி சேகரிக்கும்போது தேவைப்படும் ஒழுக்கம். அதை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டினால் குடிமக்களுக்காகப் பார்க்கப் புறப்பட்டவர் குடிமக்களில் ஒருவராக இல்லாமல் போகிறார்.

ஹன்னா ஆரெண்ட் இதை வேறு கோணத்தில் பார்த்தார். 'உண்மையும் அரசியலும்' என்ற 1967-ஆம் ஆண்டுக் கட்டுரையில், நடந்ததை நடந்தபடி சொல்கிறவர் அரசியல் களத்துக்கு வெளியே நிற்கிறார் என்றார். தத்துவவாதி, விஞ்ஞானி, கலைஞர், வரலாற்றாசிரியர், நீதிபதி, சாட்சி என்று அவர் தரும் வரிசையில் செய்தியாளரும் உண்டு. எந்தத் தரப்போடும் சேராத அந்தத் தனிமை இல்லாவிட்டால் உண்மை பேரத்துக்குரிய பொருளாகிவிடும் என்பது அவர் கவலை. இதற்கு அவர் விலையும் கொடுத்திருந்தார். 1961-ல் ஜெருசலேமில் நடந்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையை 'நியூயார்க்கர்' இதழுக்காக நேரில் பார்த்து அவர் எழுதிய கட்டுரைகள் 1963-ல் வெளியாயின. நாஜிகளால் நியமிக்கப்பட்ட யூதக் குழுத் தலைவர்களின் பங்கைப் பற்றி அவற்றில் அவர் எழுதியது பெரும் சினத்தைக் கிளப்பியது. அவருடைய நெடுநாள் நண்பரான அறிஞர் கெர்ஷோம் ஷோலெம், ஆரெண்டிடம் யூத மக்கள்மேல் அன்பு இல்லை என்று எழுதினார். எந்த ஒரு மக்கள் கூட்டத்தையும் மொத்தமாகத் தாம் நேசித்ததில்லை, நண்பர்களைத்தான் நேசிக்கத் தெரியும் என்று அவர் பதில் எழுதினார்.

இந்தப் பதில் குடியுரிமையை மறுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது குடியுரிமைக்கும் இனப்பற்றுக்கும் நடுவே கோடு கிழிக்கிறது. தம் மக்களுக்குப் பிடிக்காத உண்மையை அவர்களுக்கே எழுதிச் சொன்னவர் அவர்களைத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்களாக மதித்தார். காந்தியும் 1909-ல் 'இந்து சுயராஜ்யம்' நூலின் தொடக்கத்தில் பத்திரிகையின் வேலைகளைச் சொல்லும்போது, மக்களின் உணர்ச்சியை அறிந்து வெளியிடுவதோடு அவர்களின் குறைகளை அஞ்சாமல் வெளிப்படுத்துவதையும் சேர்த்தே சொல்கிறார். தேசப்பற்றின் பெயரால் இன்று தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கும் கூச்சலில் இந்த இரண்டாவது வேலை காணாமல் போயிருக்கிறது.

இந்திய இதழியலின் மூத்த தலைமுறைக்கு டவுனியின் துறவு புரிந்திருக்காது. 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1885-ல் காங்கிரஸின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தார். விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1908-ல் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதானார். அதே ஆண்டு 'இந்தியா' வார இதழ்மீதும் வழக்கு வந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் என்பவர் சிறைக்குப் போனார். இதழின் உயிராக இருந்த பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். எழுதியவர் ஒருவர், தண்டனை அனுபவித்தவர் இன்னொருவர் என்ற அந்த நிலையை விடுதலைப் போரின் உற்சாகத்தில் எளிதாகக் கடந்துவிடுகிறோம். 1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் 'யங் இந்தியா' கட்டுரைகளுக்காக நின்ற காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்சபட்சத் தண்டனையைக் கேட்டு, ஆறு ஆண்டுச் சிறை பெற்றார். இவர்கள் யாரும் அன்று குடிமக்கள் இல்லை. பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள். குடியுரிமை சட்டமாக வருவதற்கு முன்பே அதைச் செயலில் காட்டியவர்கள்.

உயிர் போகும் தருணத்தில் இந்தக் கேள்வி மேலும் கடுமையாகிறது. 1980-களின் இறுதியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நடந்த அறநெறி விவாதம் ஒன்றில், புகழ்பெற்ற செய்தியாளர்கள் பீட்டர் ஜென்னிங்ஸுக்கும் மைக் வாலஸுக்கும் ஒரு கற்பனைச் சூழல் கொடுக்கப்பட்டது. எதிரிப் படையோடு சேர்ந்து சென்று படம் எடுக்கிறீர்கள், அவர்கள் பதுங்கியிருந்து அமெரிக்க வீரர்களைத் தாக்கப்போகிறார்கள், என்ன செய்வீர்கள்? எச்சரிப்பேன் என்றார் ஜென்னிங்ஸ். வாலஸ் மறுத்தார்: செய்தியாளரின் வேலை செய்தி சேகரிப்பது, அதற்கு மேலான கடமை எதுவும் இல்லை. ஜென்னிங்ஸும் தம் விடையை மாற்றிக்கொண்டார். அரங்கில் இருந்த கடற்படைக் காலாட்படைக் கர்னல் ஒருவர் தமக்குப் பொங்கிய இகழ்ச்சியை மறைக்கவில்லை. இதே செய்தியாளர்கள் காயம்பட்டுக் கிடந்தால் தம் வீரர்கள் உயிரைக் கொடுத்து அவர்களைத் தூக்கிவருவார்கள் என்றார் அவர்.

கர்னலின் சொல் சுடுகிறது. ஆனால் வாலஸின் தவறு அவர் நாட்டுப்பற்றில் குறைந்தார் என்பதில் இல்லை. சாகப்போகிறவர் எந்த நாட்டுக்காரர் என்பதை எடுத்துவிட்டுப் பார்த்தால் இது தெரியும். ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்றபோது காப்பாற்றும் கடமை குடியுரிமைக்கும் தொழிலுக்கும் முந்தியது. அது மனிதர் என்ற முறையில் வருகிறது. அதைத் தாண்டிய இடத்தில்தான் குடிமகனா செய்தியாளரா என்ற கேள்விக்கே இடம். போர்க்களத்தில் எச்சரிப்பது தம் உயிருக்கும் எதிர்காலத்தில் எல்லாச் செய்தியாளர்களின் உயிருக்கும் ஆபத்து என்று வாலஸ் வாதாடியிருந்தால் அது எடைபோடத்தக்க வாதம். மேலான கடமை இல்லை என்றதுதான் பொருந்தவில்லை.

இந்தியாவில் இது கற்பனையாக இருக்கவில்லை. 2008 நவம்பர் 26-ல் தொடங்கிய மும்பைத் தாக்குதலின்போது பாதுகாப்புப் படையினரின் நகர்வுகளைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் இருந்தபடி தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்துத் தொலைபேசியில் வழிகாட்டினர். 2012-ல், தாக்குதலின்போது பிடிபட்ட கசாப்பின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த ஒளிபரப்பைக் கடுமையாகச் சாடியது. கருத்துரிமையைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது, இதில் எந்தப் பொது நலனும் இல்லை, வணிக நலன்தான் இருந்தது என்று கண்டித்தது. கண்டனம் தகுந்ததே. அதன்பின் 2015-ல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் திருத்தம் வந்தது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் வெளியிடலாம். எதைக் காட்டலாம் என்று தாமே தீர்மானிக்கத் தவறியவர்களுக்குப் பதிலாக இப்போது அதிகாரி தீர்மானிக்கிறார். அதிகாரி சொல்வது தவறாக இருந்தால் அந்த நேரத்தில் அதைச் சரிபார்க்க ஆளில்லை.

சாட்சி சொல்லும் கடமையிலும் இதே இழுபறி. போதைப்பொருள் தயாரிப்பதை நேரில் கண்டு எழுதிய செய்தியாளர் பிரான்ஸ்பர்க், யாரைக் கண்டார் என்று சொல்ல மறுத்தார். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குற்றத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வது எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கடமை, செய்தியாளருக்கு விலக்கு இல்லை என்றது. அம்பேத்கரின் வாதத்தின் மறுபக்கம் இது: கூடுதல் உரிமை இல்லாதவருக்குக் குறைந்த கடமையும் இல்லை. ஆனால் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுத்தால் அடுத்து எவரும் தகவல் தரமாட்டார். இழப்பு மறுபடியும் குடிமக்களுக்கே. இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம், தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லும்படி செய்தியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டுமே. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தகவல் தருவோரைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று என்று ஏற்றது. அதற்கான தனிச் சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.

குடிமக்களின் பிரதிநிதிகளோடு மோதும்போது செய்தியாளரின் நிலை விசித்திரமாகிறது. 1958-ல் பாட்னாவின் 'சர்ச்லைட்' நாளிதழ் வழக்கில் சட்டமன்றச் சிறப்புரிமைக்கு முன் கருத்துரிமை ஒதுங்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். 1987-ல் ஓர் அட்டைப்படக் கார்ட்டூனுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் விடுவிக்க வேண்டியதாயிற்று. 2003 நவம்பரில் அதே மன்றம் 'தி இந்து'வின் ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. வாக்காளரின் கேலியைத் தாங்க முடியாத பிரதிநிதி, தம் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்தவர். சிறப்புரிமைகள் இன்றுவரை சட்டமாக வரையறுக்கப்படவில்லை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடுவோரைக் காக்க பெரோஸ் காந்தி 1956-ல் கொண்டுவந்த சட்டம் நெருக்கடி நிலையில் நீக்கப்பட்டு, 1977-ல் திரும்ப வந்தது. 1978-ன் 44-ஆம் திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசமைப்பின் 361அ பிரிவாக்கியது. வாக்களிக்கும் உரிமையில் சிறிய ஓர் ஆறுதல் அண்மையில் கிடைத்தது. வாக்குப்பதிவு நாளன்று ஊர் ஊராகச் சுற்றித் தம் வாக்கைச் செலுத்த முடியாமல் போகும் செய்தியாளர்களில் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் பெற்றவர்கள் 2024 மக்களவைத் தேர்தலில் அஞ்சல் வாக்கு அளிக்கலாம் என்றாயிற்று.

இதுவரை சொன்ன எல்லாமே செய்தியாளர் குடிமகனாக இருக்கிறார் என்ற அடிப்படையில் சொன்னவை. குடியுரிமை இல்லாத செய்தியாளரின் கதை வேறு. காந்தி 1903-ல் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் 'இந்தியன் ஒப்பினியன்' இதழைத் தொடங்கியபோது அதன் வாசகர்கள் பெரும்பாலும் வாக்கில்லாத கூலிகளும் வணிகர்களும். ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்ட ஆரெண்ட், 1951-ல் அமெரிக்கக் குடியுரிமை பெறும்வரை நாடற்றவராகவே நியூயார்க்கின் ஜெர்மன் மொழி இதழில் எழுதினார். உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை என்று அவர் பின்னர் பேசியதற்கு இந்த அனுபவமே அடித்தளம். இலங்கையில் தஞ்சையிலிருந்து போன நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தித் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குரல் கொடுத்தார். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1978-ல் வந்த இலங்கை அரசமைப்பின் 14-ஆம் பிரிவும் கருத்துரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. ஆனால் வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் அங்கே சட்டப்படி நிலையாக வாழ்ந்தவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு அதே உரிமைகள் உண்டு என்று ஒரு துணைப் பிரிவைச் சேர்த்தது. உரிமைக்குக் கெடு வைத்த அந்த விதி விந்தையானதுதான். இருந்தாலும், நாடற்றவருக்கும் பேச்சு உண்டு என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இந்தியச் சட்டத்தில் அந்த அளவுகூட இல்லை. சட்டத்தின் முன் சமத்துவமும் உயிருக்கான பாதுகாப்பும் எல்லா மனிதர்களுக்கும் உண்டு. 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் இங்கே இதழியல் பணி செய்யச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. விசாவில் வரும் அயல்நாட்டுச் செய்தியாளர் திருப்பி அனுப்பப்பட்டால் கருத்துரிமையைக் காட்டி வாதாட முடியாது. தமிழ்நாட்டின் அகதி முகாமில் 1987 ஜூலைக்குப் பிறகு இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர், இங்கேயே படித்து, இங்கத்திய ஊர்களைப் பற்றியே எழுதினாலும் பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருப்பது அரசு தடுக்காததால்தான். தடுத்தால் 19(1)(அ) பிரிவைக் காட்டி நீதிமன்றப் படியேற அவருக்கு வழி கிடையாது.